இடம்பெயர்ந்த ஸ்ரீரங்கம்

காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து, தென்கிளை காவிரியாகவே தொடர, வடகிளை கொள்ளிடம் என்று பெயர் மாறி, நேர்தூரத்தில் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் கிழக்கே கல்லணையருகில் இரண்டும் மீண்டும் நெருங்கும் வரை அவற்றுக்கிடையே நீண்டு கிடக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம். விண்ணிலிருந்து எடுக்கப்படும் படங்களில் இத்தீவை அடையாளம் காண்பது எளிது: வடக்கே அகன்ற மணற்படுகை, தெற்கே அதைவிடக் குறுகிய ஆறு, நடுவே வாழைத் தோட்டங்களின் பசுமை, அப்பசுமைக்கு நடுவே ஒன்றனுள் ஒன்றாக அடங்கிய கோயில் திருச்சுற்றுகளின் செவ்வகங்கள், ஆற்றைக் கடந்தால் திருச்சி நகரத்தின் நடுவில் 83 மீட்டர் உயர்ந்து நிற்கும் மலைக்கோட்டைப் பாறை. நீர், மணல், பயிர், கட்டடம், பாறை ஆகிய ஐந்தும் சில கிலோமீட்டருக்குள் அடங்கிய இந்நிலப்பரப்பு, செயற்கைக்கோள் படங்களைக் கையாளும் மென்பொருள் எங்கெல்லாம் தவறும் என்பதைச் சோதித்துப் பார்க்க ஓர் உரைகல்லாக அமைகிறது.

மென்பொருளின் பிழைகளில் ஓசையெழுப்பும் பிழைகள் உண்டு. ஓசையின்றி நுழையும் பிழைகளும் உண்டு. ஓசையெழுப்புபவை திரையில் சிவப்பு எழுத்தில் தோன்றி வேலையை நிறுத்திவிடுகின்றன. பயில்வோர் பெரிதும் அஞ்சுவது இவற்றைத்தான் என்றாலும், இவற்றால் விளையும் தீங்கு சில மணிநேர இழப்போடு முடிந்துவிடுகிறது. மற்றவையோ எந்த எச்சரிக்கையும் தராமல், பார்ப்பதற்கு அழகான, ஆனால் உண்மைக்கு மாறான ஒரு வரைபடத்தைத் தந்துவிட்டுப் போகின்றன; அவ்வரைபடம் அறிக்கையில் அச்சேறி, அதன்மேல் முடிவுகள் எடுக்கப்பட்ட பின்னரும் அது தவறு என்பது எவருக்கும் தெரியாமலே இருக்கக்கூடும்.

முதல் வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் ஒவ்வொன்றும் நிலத்தில் 110 கிலோமீட்டர் அளவுள்ள சதுரத் துண்டாகக் கிடைக்கிறது. 10 மீட்டர் பகுதிறன் கொண்ட, அதாவது ஒரு படப்புள்ளி தரையில் 10 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தைக் குறிக்கும் ஓர் அலைப்பட்டையில் 10,980 வரிசைகளும் ஒவ்வொரு வரிசையிலும் 10,980 புள்ளிகளுமாக 12 கோடிக்கு மேற்பட்ட எண்கள் உள்ளன. புள்ளிக்கு 2 பைட் என்று 241 மெகாபைட்டாக அடங்கும் அப்பட்டை, கணக்கீட்டின்போது 8 பைட் பின்ன எண்ணாக விரிக்கப்பட்டால் 964 மெகாபைட்டாகப் பெருகுகிறது. நான்கு பட்டைகளை ஒருசேரத் திறக்கும் கணினி நினைவகம் போதவில்லை என்று நின்றுபோவதற்குக் காரணம் இதுவே, படத்தைத் துண்டு துண்டாகப் படிக்கச் செய்வதே அதற்கு மருந்து. கோப்புறைக்குத் தமிழில் பெயரிட்டாலோ பெயரின் நடுவே இடைவெளி விட்டாலோ சில பழைய நிரல்கள் கோப்பே இல்லை என்று சாதிக்கும். ஒரே கணினியில் இரண்டு மென்பொருள்கள் தத்தமக்கு வேண்டிய ‘ப்ராஜ்’ என்னும் ஆயத்தொலை மாற்ற நூலகத்தின் வெவ்வேறு பதிப்புகளை நிறுவிக்கொண்டு, ஒன்றன் தரவுத்தளத்தை மற்றொன்று திறக்க முயன்று முரண்படுவதும் அன்றாட நிகழ்ச்சிதான். இவ்விடங்களிலெல்லாம் அடுக்கடுக்காக வரும் பிழைச்செய்திகளில் முதலாவது செய்தியைப் படிப்பது பெரும்பாலும் பயன் தரும். பின்வருபவை அதன் விளைவுகளாகவே இருக்கும்.

இனி ஓசையற்றவை. அவற்றில் முதன்மையானது இடத்தைப் பற்றியது. உருண்டையான புவியைத் தட்டையான தாளில் விரிக்கும் கணித முறைக்குக் கோட்டுச்சட்டம் என்று பெயர். செயற்கைக்கோள் படங்களில் மிகுதியாக வழங்கும் யுடிஎம் என்னும் கோட்டுச்சட்டம், உலகை 6 பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்துக்கும் தனித்தனியே மீட்டர் கணக்கைத் தொடங்குகிறது. 72 முதல் 78 பாகை வரையிலான தீர்க்கரேகைகள் 43ஆம் மண்டலத்தையும், 78 முதல் 84 வரையிலானவை 44ஆம் மண்டலத்தையும் சேர்ந்தவை. இவ்விரு மண்டலங்களின் எல்லை தமிழ்நாட்டை வடக்குத் தெற்காக வெட்டிச் செல்கிறது. மேட்டூர் அணையிலிருந்து 43ஆம் மண்டலத்தில் இறங்கிவரும் காவிரி, கொடுமுடியைத் தாண்டிப் பரமத்தி வேலூரை ஒட்டிய பகுதியில் எந்த ஓசையுமில்லாமல் 44ஆம் மண்டலத்துக்குள் நுழைந்துவிடுகிறது.

ஆறு அறியாத இவ்வெல்லையை மென்பொருள் அறிந்திருக்க வேண்டும். 44ஆம் மண்டலத்தில் ஸ்ரீரங்கம் கோயிலின் கிழக்கு அளவு ஏறத்தாழ 2,47,500 மீட்டர், வடக்கு அளவு ஏறத்தாழ 12,01,700 மீட்டர். ஆனால் அவ்வெண்களை மட்டும் கொண்டு அவை எந்த மண்டலத்துக்கு உரியவை என்பதைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனெனில் 60 மண்டலங்களிலும் இதே எண்கள் ஒவ்வொரு முறை வருகின்றன. மேட்டூரையும் திருச்சியையும் ஒரே படமாக ஒட்ட முயலும் ஒருவர் முழுத் தொகுப்புக்கும் 43ஆம் மண்டலத்துக்குரிய 32643 என்னும் குறியீட்டைத் தந்துவிட்டால் (44ஆம் மண்டலத்தின் குறியீடு 32644, கடைசி இலக்கம் மட்டுமே வேறு), ஸ்ரீரங்கம் தன் அட்சரேகையில் மாறாமல் 6 பாகை மேற்கே பெயர்ந்து, 650 கிலோமீட்டருக்கு அப்பால், இலட்சத்தீவுகளில் கவரத்திக்கும் அமினிக்கும் இடையிலுள்ள கடலில் போய் அமர்ந்துகொள்ளும். மென்பொருள் ஒரு சொல்லும் சொல்லாது. அதன் கணக்கில் தவறு ஏதும் இல்லை.

அட்சரேகையும் தீர்க்கரேகையும் வரிசை மாறும்போது நேர்வது இன்னும் வேடிக்கையானது. ஸ்ரீரங்கத்தின் இருப்பிடம் வடக்கே 10.86 பாகை, கிழக்கே 78.69 பாகை. இவை இடம் மாறினால் வடக்கே 78.69, கிழக்கே 10.86 என்றாகி, வடமுனைக் கடலிலுள்ள சுவால்பார்ட் தீவுக்கூட்டத்தின் மேற்கு ஓரத்துக்கு அரங்கன் கோயில் போய்ச் சேர்கிறது; அங்கிருந்து 40 கிலோமீட்டருக்குள்தான் 2008 முதல் இயங்கிவரும் இந்தியாவின் ஹிமாத்ரி ஆர்க்டிக் ஆய்வுநிலையம் இருக்கிறது என்பது தற்செயல் பொருத்தம். வரிசை மாறுவது கவனக்குறைவால் மட்டும் நேர்வதில்லை. நிலவியல் மென்பொருள்கள் பலவற்றுக்கு அடித்தளமான ‘ஜிடால்’ என்னும் நூலகம், 2019இல் வெளிவந்த 3.0 பதிப்பிலிருந்து, ஆயத்தொலை முறைமையின் வரையறையில் உள்ளபடி அட்சரேகையை முதலில் வைக்கும் வழக்கத்துக்கு மாறியது. அதுவரை தீர்க்கரேகையை முதலில் எதிர்பார்த்து எழுதப்பட்டிருந்த நிரல்கள், ஓர் எழுத்தும் மாறாத நிலையிலேயே, புதிய பதிப்பில் தவறான விடை தரத் தொடங்கின.

நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பிழையைக் கண் உடனே பிடித்துவிடும். நூற்றுக்கணக்கான மீட்டர் பிழையே தொல்லை. இந்திய நில அளவைத் துறையின் பழைய நிலப்படங்கள் (ஸ்ரீரங்கம் இடம்பெறும் தாளின் எண் 58 ஜெ/9) இன்றைய ஜிபிஎஸ் கருவிகள் பயன்படுத்தும் டபிள்யுஜிஎஸ்-84 என்னும் புவி வடிவத்தை அல்லாமல், ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் கணித்த நீள்வட்டக் கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சரிசெய்யாமல் பழைய தாளைப் புதிய படத்தின் மேல் பொருத்தினால், திருச்சிப் பகுதியில் எல்லாமே நூறு மீட்டருக்கு மேல் விலகி நிற்கும். அம்மா மண்டபத்தின் படித்துறை ஆற்றுக்குள் இறங்கியோ தெருவுக்குள் ஏறியோ தெரியும். அந்தப் பழைய அளவீட்டை இகழ்வதற்கு இது காரணமாகாது. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னையில் தொடங்கிய பெரும் முக்கோண நில அளவையின்போது, 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது ஏற்றப்பட்ட மாபெரும் கோணமானி கயிறு தவறிச் சுவரில் மோதி நசுங்கியது. கருவியின் வட்டம் கோணலாகிவிட்டதை உணர்ந்த லாம்டன், கோணலான கருவி தரும் எண்களை ஏற்பதைவிட வேலையை நிறுத்துவதே மேல் என்று கூடாரத்துக்குள் அடைந்து, வாரக்கணக்கில் அதைத் தாமே தட்டி நிமிர்த்திய பின்னரே அளவையைத் தொடர்ந்தார். பழுதறிதல் என்னும் கலைக்குக் காவிரிப் படுகையில் இதைவிடச் சிறந்த முன்மாதிரி இல்லை.

உயரமும் இடத்தைப் பிறழச் செய்யும். இந்தியாவின் கார்ட்டோசாட்-1, 2005 மே 5 அன்று ஏவப்பட்டு, முன்னோக்கி 26 பாகையும் பின்னோக்கி 5 பாகையும் சாய்ந்த இரு படக்கருவிகளால் 2.5 மீட்டர் பகுதிறனில் படமெடுத்தது. சாய்ந்து பார்க்கும் கண்ணுக்கு உயர்ந்த பொருளின் உச்சி அதன் அடியிலிருந்து விலகித் தெரியும் என்பதால், ஸ்ரீரங்கம் கோயிலின் 72 மீட்டர் உயரமுள்ள ராஜகோபுரத்தின் உச்சி, முன்னோக்கும் படத்தில் அடித்தளத்திலிருந்து 35 முதல் 40 மீட்டர் தள்ளி விழுகிறது. இது பிழையன்று, இவ்விலகலை அளந்தே கோபுரத்தின் உயரத்தைக் கணக்கிடுகிறார்கள். பிழை நுழைவது வேறு வாசல் வழியாக. உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்தும் அளக்கலாம், புவியின் நீள்வட்டக் கோளப் பரப்பிலிருந்தும் அளக்கலாம்; உலகின் பெரும்பகுதியில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு சில பத்து மீட்டர்கள் என்றால், ஈர்ப்பு விசை குறைந்த இந்தியப் பெருங்கடற் பகுதியை அடுத்துள்ள தென்னிந்தியாவில் கடல்மட்டப் பரப்பு கோளப் பரப்புக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே தாழ்ந்து கிடக்கிறது. ஆகவே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 70 மீட்டர் உயரத்திலுள்ள ஸ்ரீரங்கம், கோளக் கணக்கில் சுழிக்கும் கீழே போய்விடுகிறது. எதிர்மறை உயரத்தைத் தரவில்லாத இடம் என்று எண்ணி ஒதுக்கும் மென்பொருள் இத்தீவையே வெற்றிடமாக்கிவிடும். இரண்டு உயரங்களையும் குழப்பிக்கொள்ளும் மென்பொருளோ, முன்னோக்கும் படத்தில் தரையை 40 மீட்டருக்கு மேல், அதாவது பதினாறு படப்புள்ளிகளுக்கு மேல், நகர்த்திவிடும்.

படம் தலைகீழாகக் கவிழ்வதும் உண்டு. மேலிருந்து கீழாக எண்ணும் மென்பொருளும் கீழிருந்து மேலாக எண்ணும் மென்பொருளும் ஒரே கோப்பைக் கையாளும்போது இது நேர்கிறது. கொள்ளிடம் கோயிலுக்குத் தெற்கே தெரிந்தால் படம் கவிழ்ந்திருக்கிறது. கோயிலின் கிழக்கேயுள்ள வெள்ளைக் கோபுரம் மேற்கே தெரிந்தால் இடவலமாகப் புரண்டிருக்கிறது. சதுரமான குளத்தையோ வட்டமான ஏரியையோ வைத்துச் சோதிப்பவருக்கு இந்த வாய்ப்பு இல்லை.

இடம் சரியாக அமைந்த பின்னரும் எண்கள் தவறலாம். பரப்பு நீரைக் கண்டறிய, பச்சை ஒளியின் எதிரொளிப்பிலிருந்து அண்மை அகச்சிவப்பு ஒளியின் எதிரொளிப்பைக் கழித்து, அதை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்கும் நீர்க்குறியீடு 1996 முதல் வழக்கில் உள்ளது. நீர் அகச்சிவப்பை விழுங்கிவிடுவதால் நீருக்கு நேர்மறை விடையும், மண்ணுக்கும் பயிருக்கும் எதிர்மறை விடையும் வரும், விடை எப்போதும் −1க்கும் 1க்கும் இடையில் அடங்கும். இதில் முதல் கண்ணி அலைப்பட்டைகளின் பெயரில் இருக்கிறது. சென்டினல்-2இல் மூன்றாம் பட்டை என்பது பச்சை. இந்தியத் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்களின் லிஸ்-3 கருவியில் பட்டைகளின் எண் இரண்டிலிருந்து தொடங்குவதால், அங்கே மூன்றாம் பட்டை சிவப்பு. லேண்ட்சாட் வரிசையிலோ ஏழாம் செயற்கைக்கோளில் மூன்றாவது சிவப்பாக இருந்து எட்டிலிருந்து பச்சையாகிவிட்டது. ஒன்றுக்கு எழுதிய நிரலை மற்றொன்றுக்கு அப்படியே ஓட்டுபவர் பெறும் விடையும் −1க்கும் 1க்கும் இடையில்தான் இருக்கும் என்பதால் ஐயம் எழுவதில்லை.

இரண்டாம் கண்ணி எண்களின் சேமிப்பில் இருக்கிறது. செயற்கைக்கோள் பட எண்கள் பெரும்பாலும் கழித்தல் குறிக்கு இடமில்லாத 16 பிட் முழு எண்களாக, 0 முதல் 65,535 வரை, சேமிக்கப்படுகின்றன. கோடையில் வறண்ட காவிரி மணலின் பச்சை மதிப்பு 2,000 என்றும் அகச்சிவப்பு மதிப்பு 3,000 என்றும் கொண்டால், கழித்து வரவேண்டியது −1,000; அதை எழுத இடமில்லாத கணினி, சுழியிலிருந்து பின்னோக்கிச் சுழன்ற பழைய மின்மீட்டரைப் போல, 64,536 என்று காட்டுகிறது. கூட்டுத்தொகையான 5,000ஆல் வகுத்தால், −0.2 என்று வரவேண்டிய நீர்க்குறியீடு 12.9 ஆகிறது. சுழிக்கு மேற்பட்டதெல்லாம் நீர் என்ற விதிப்படி மணல் முழுவதும் நீராகிறது. படத்தை முழுமையாகப் பார்ப்பவர் மலைக்கோட்டையும் மூழ்கியிருப்பதைக் கண்டு விழித்துக்கொள்வார். ஆனால் ஆற்றை ஆராய்பவர்கள் வழக்கமாக ஆற்றின் எல்லையை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வதால், அவர்கள் காண்பது மே மாதத்தில் கரைதொட்டு ஓடும் காவிரியை. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் போலும் என்று அதற்கு ஒரு காரணமும் மனம் தானாகவே கற்பித்துக்கொள்ளும். கழிப்பதற்கு முன் எண்களைப் பின்ன எண்களாக மாற்றும் ஒற்றை வரி இப்பிழையைத் தீர்க்கிறது.

இதைவிட நுட்பமானது தரவை வழங்குவோரே செய்யும் மாற்றம். சென்டினல்-2 படங்களில் எதிரொளிப்பு 10,000ஆல் பெருக்கப்பட்டுச் சேமிக்கப்பட்டிருந்தது. மிகவும் இருண்ட பரப்புகளில் சுழிக்குக் கீழே விழும் மதிப்புகளும் வெட்டுப்படாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, 2022 ஜனவரி 25 அன்று நடைமுறைக்கு வந்த 04.00 என்னும் செயலாக்கப் பதிப்பிலிருந்து, ஒவ்வோர் எண்ணோடும் 1,000 கூட்டி வழங்கப்படுகிறது. பயன்படுத்துவோர் முதலில் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். கழிக்கத் தவறினால் என்ன ஆகும்? அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்துக் கூட்டுத்தொகையால் வகுக்கும் பசுமைக் குறியீட்டில், சிவப்பு 400, அகச்சிவப்பு 4,000 என்றிருக்கும் செழித்த பயிர் 0.82 பெறுகிறது, அதே பயிர் 1,400, 5,000 என்று படிக்கப்படும்போது 0.56க்கு இறங்கிவிடுகிறது. காவிரிப் படுகையில் ஜனவரி இறுதி சம்பா அறுவடைக் காலம், பசுமை இயல்பாகவே குறையும் பருவம். ஆகவே நெல்வயல்களை மட்டும் பார்ப்பவருக்கு இச்சரிவு அறுவடையாகவே தோன்றும். இங்கேதான் ஸ்ரீரங்கம் தீவின் வாழைத் தோட்டங்கள் கைகொடுக்கின்றன: ஆண்டு முழுவதும் பசுமை மாறாத வாழையும் ஒரே வாரத்தில் வாடியதாகப் படம் சொன்னால், வாடியது வாழையன்று. பழைய படங்களும் பின்னர் புதிய பதிப்பில் மறுசெயலாக்கம் பெற்று வருவதால், படம் எடுக்கப்பட்ட தேதியை நம்பாமல், உடன்வரும் விவரக்கோப்பில் செயலாக்கப் பதிப்பின் எண்ணைப் பார்த்துத்தான் கழிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

பரப்பளவுக் கணக்கில் கோயிலே அளவுகோல். ஸ்ரீரங்கம் கோயில் வளாகம் 156 ஏக்கர், ஏறத்தாழ 63 ஹெக்டேர். 10 மீட்டர் படத்தில் அது சுமார் 6,300 படப்புள்ளிகள், 30 மீட்டர் லேண்ட்சாட் படத்தில் சுமார் 700. வெளிமதிலை வரைந்து பரப்பளவு கேட்கும்போது விடை 0.00005 என்று வந்தால், மென்பொருள் மீட்டரை விட்டுப் பாகையில் அளந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இன்னொரு வகையான தவறு இத்தீவுக்கே உரியது. யுடிஎம் முறையில் நூறு கிலோமீட்டர் சதுரங்களைப் பிரிக்கும் கோடுகளில் ஒன்று, வடக்கு அளவு 12,00,000 மீட்டர் கொண்டது, ஸ்ரீரங்கம் கோயிலுக்கும் மலைக்கோட்டைக்கும் இடையில், காவிரியை ஒட்டிச் செல்கிறது. சென்டினல்-2 துண்டுகள் இச்சதுரங்களைத் தழுவியே வெட்டப்பட்டு, ஓரங்களில் சுமார் 10 கிலோமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், திருச்சியருகே காவிரியின் ஒரு பகுதி 44பிகேடி, 44பிகேஎஸ் ஆகிய இரு துண்டுகளிலும் வருகிறது. துண்டுவாரியாக நீர்ப்பரப்பை அளந்து கூட்டுபவர் அப்பகுதியை இருமுறை எண்ணிவிடுகிறார்.

காலத்தால் வேறுபட்ட இரு படங்களை ஒப்பிடும்போது ஒரு படப்புள்ளி விலகினாலும் கணக்கு கெடும். 2018 ஆகஸ்ட் 22 இரவில், பெருவெள்ளத்தின்போது, முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த 45 மதகுகளில் ஒன்பது இடிந்து விழுந்தன. அத்தகைய நிகழ்வின் முன்னும் பின்னும் ஆற்றங்கரை எவ்வளவு மாறியது என்று அளக்க முற்படும்போது, ஒரு படம் மற்றொன்றைவிட 10 மீட்டர் வடக்கே தள்ளியிருந்தால், 27 கிலோமீட்டர் நீளமுள்ள கரையொன்றில் மட்டும் 27 ஹெக்டேர் நிலம் அரிக்கப்பட்டதாகவோ புதிதாகச் சேர்ந்ததாகவோ போலி விடை வரும். அசையாத பொருள் ஒன்றை இரு படங்களிலும் பொருத்திப் பார்ப்பதே இதற்குச் சோதனை. கோயில் மதில்களும் மலைக்கோட்டையும் அசையாதவை, மணல்திட்டுகள் அவ்வாறல்ல.

பிழை எங்கே நுழைந்தது என்று தேடுவதற்குச் சிக்கனமான முறை பாதி பாதியாகப் பிரிப்பதுதான். பதிவிறக்கம், திருத்தம், வெட்டுதல், குறியீடு, வகைப்பாடு, பரப்பளவு என்று நீளும் சங்கிலியின் நடுக்கண்ணியைத் திறந்து பார்த்து, அங்கே எண்கள் சரியாக இருந்தால் பிழை பின்பாதியில், இல்லையேல் முன்பாதியில் என்று குறுக்கிக்கொண்டே போனால் மூன்று நான்கு படிகளில் குற்றவாளி அகப்படும். முழுப் படத்தையும் ஓட்டத் தேவையில்லை. ஸ்ரீரங்கத்தைச் சுற்றி 500 புள்ளி பக்கமுள்ள சதுரம் போதும். அதில் ஆழ்ந்த நீர், வறண்ட மணல், வாழைத் தோட்டம் ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு புள்ளியைத் தேர்ந்து, அவற்றின் மதிப்பைத் தாளில் கையால் கணக்கிட்டு மென்பொருளின் விடையோடு ஒப்பிட வேண்டும். சில நேரங்களில் கணக்கெல்லாம் சரியாக இருந்தும் விடை தவறும்: ரேடார் படத்தில் அமைதியான நீர் அலைகளைத் திருப்பி அனுப்பாமல் கருமையாகத் தெரிகிறது, வழவழப்பான உலர்ந்த மணலும் அவ்வாறே தெரிகிறது, கோடைக் கொள்ளிடத்தின் ஒரு கரும்பட்டை ஓடையா மணலா என்பதை மென்பொருளிடம் கேட்டுப் பயனில்லை, நேரில் போய்ப் பார்க்க வேண்டியதுதான். தொலையுணர்வுத் துறையைக் கொண்ட பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் காஜாமலை வளாகத்திலிருந்து அவ்விடம் பேருந்தில் போய்வரும் தூரத்தில்தான் இருக்கிறது.

இவ்வத்தியாயத்தைப் படித்து முடிப்பவர், முதல் படத்தைப் பதிவிறக்குவதற்கு முன்பே, தம் ஊரில் தாம் நடந்து பழகிய மூன்று இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை, பரப்பளவு ஆகியவற்றையும், ஊர் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொள்வாராக. திருச்சி, கரூர், மதுரை நகரங்கள் 44ஆம் மண்டலத்தில் உள்ளன. திண்டுக்கல், 78 பாகைக் கோட்டுக்குச் சற்றே மேற்கே, 43இல் இருக்கிறது.